‘கட்டுப்பாடில்லாம வளருது’ன்னு எழுதறீங்களே, அந்தக் கட்டுப்பாடு என்னன்னும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உடல்நலம் பக்கத்துல கேன்சர் பத்தி அரைப்பக்கம் கட்டுரை வந்திருந்துச்சு. நல்ல விஷயம்தான், புகையிலை, பரிசோதனை, சாப்பாடுன்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா கேன்சர்னா என்னன்னு சொல்ற எடத்துல மட்டும் "செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய்"னு ஒரே ஒரு வரி போட்டுட்டு அடுத்த பாராவுக்குப் போயிட்டாங்க. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து எல்லாப் பேப்பர்லயும் இந்த வரியேதான் வருது. அந்தக் கட்டுப்பாடுன்னா என்ன, அது செல்லுக்குள்ள எங்க இருக்கு, எப்படி அறுந்து போகுதுன்னு யாரும் எழுதறதில்லை, அதெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம்னு விட்டுடறாங்க போல. அது தெரியாததால என் உசுரே போகப் பார்த்துச்சு சார், அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் பொள்ளாச்சி பக்கம் மோட்டார் காயில் கட்டுற வேலை பார்க்கிறேன், தோட்டத்து மோட்டாரு, சப்மெர்சிபிள், ஸ்டார்ட்டர் ரிப்பேர் எல்லாம். 2018ல எனக்கு 46 வயசு. இடது பக்கம் விலாவுக்குக் கீழ கல்லை வெச்சுக் கட்டின மாதிரி ஒரு கனம், ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடும், ராத்திரில பனியனைப் புழியற அளவுக்கு வேர்க்கும். வெயில்ல அலையறோம் அதான்னு மூணு மாசம் ஓட்டிட்டேன். கடைசியா ரத்தம் குடுத்தப்போ வெள்ளணு 1,82,000ன்னு வந்துச்சு, சாதாரணமா 4,000ல இருந்து 11,000 வரைக்கும்தான் இருக்கணும், லேப்ல இருந்த தம்பி மெஷின்தான் தப்பா காட்டுதுன்னு நினைச்சு இன்னொரு கையில திரும்ப ரத்தம் எடுத்தாப்ல. அப்புறம் இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்து சிஎம்எல்னு சொன்னாங்க, ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை, மெதுவா வளர்ற வகை. வயித்துல கனமா இருந்தது வீங்கிப்போன மண்ணீரல்.

ஆனா ஊசி இல்லை, முடி கொட்டலை, ஒரு மாத்திரைதான் குடுத்தாங்க. இமாட்டினிப், 400 மில்லிகிராம், தினம் ஒண்ணு, சாப்பாட்டோட ஒரு பெரிய டம்ளர் தண்ணி குடிச்சு முழுங்கணும். ரெண்டே மாசத்துல கவுண்ட் 7,000க்கு வந்துருச்சு, மண்ணீரல் உள்ள போயிருச்சு, நான் திரும்ப வேலைக்குப் போயிட்டேன். எட்டாவது மாசம் வாக்குல ராத்திரில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், காலைல எந்திரிச்சா கண்ணு ரெப்பை ரெண்டும் வீங்கி இருக்கும். எங்க தாய்மாமன் பார்த்துட்டு, "ரத்தம்தான் சரியாயிருச்சே மாப்ளே, இன்னும் எதுக்கு இந்த மருந்தை முழுங்கி ஒடம்பைக் கெடுத்துக்கறே"ன்னாரு. எனக்கும் அதுல நியாயம் இருக்கற மாதிரிதான் பட்டுச்சு. காய்ச்சல் நின்னா காய்ச்சல் மாத்திரையை நிறுத்தறோம் இல்லையா. நிறுத்திட்டேன், யார்கிட்டயும் சொல்லலை.

மூணு மாசம் கழிச்சு பிசிஆர் டெஸ்ட் எடுத்தாங்க, கொரோனாவுக்கு எடுத்தாங்களே அதே மாதிரி டெஸ்ட்தான், ஆனா ரத்தத்துல, இந்த நோய்க்குக் காரணமான, கெட்டுப்போன ஒரு ஜீனோட அளவை எண்ணறது. நிறுத்தறதுக்கு முன்னாடி 0.8 சதவீதம் இருந்தது, இப்போ 14. டாக்டரம்மா திட்டலை. ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வெச்சு அந்த ரெண்டு நம்பரையும் பேனாவால சுத்திக் காட்டிட்டு, "இது எப்படிங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ல நான் பேசவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி எம் பொண்ணுதான் எனக்கு எல்லாத்தையும் புரிய வெச்சா. அப்போ அவ பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம். நான் மறுநாள் டெலிவரி குடுக்க வேண்டிய ஒரு மோட்டாருக்குக் காயில் ஏத்திட்டு உக்காந்திருந்தேன், விரல்ல செப்புக்கம்பி கிழிச்ச பழைய தழும்பு நாலஞ்சு இருக்கும். அதைத் தொட்டுக் காட்டி, "அப்பா, கம்பி கிழிச்சா சதை வளர்ந்து மூடிக்குதில்ல, மூடினதுக்கப்புறம் ஏன்ப்பா நிக்குது? ஏன் வளர்ந்துகிட்டே போயி முண்டு மாதிரி ஆக மாட்டேங்குது?"ன்னு கேட்டா. 46 வருசத்துல எத்தனை தடவை கை கிழிஞ்சிருக்கு, இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை சார். உங்க கட்டுரை எழுதினவருக்கும் இதையே கேக்கணும்னு தோணுது. கேன்சர் ஏன் வளருதுங்கறதை விட, மத்ததெல்லாம் எப்படி நிக்குதுங்கறதுதான் பெரிய விஷயம். நம்ம மஜ்ஜை ஒரு நாளைக்கு 20,000 கோடி சிவப்பணு செய்யுது. அவ்வளவு செய்யற எடத்துல இவ்வளவு போதும்னு ஒரு கணக்கு இருக்கறதுதான் அதிசயம்.

அவ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதறேன். அடிபட்ட எடத்துல ரத்தத்தட்டுங்க வந்து ஒட்டும்போது அதுங்க ஒரு புரதத்தை வெளிய விடுது, வளர்ச்சிக் காரணின்னு பேரு. இது செல்லுக்குள்ள போறதில்லை. செல்லோட தோல்ல பாதி வெளியவும் பாதி உள்ளயும் இருக்கற மாதிரி ஒரு ரிசெப்டர் நிக்குது, வெளிய இருக்கற தலைல வளர்ச்சிக் காரணி வந்து உக்காந்ததும் ரெண்டு ரெண்டு ரிசெப்டரா ஜோடி சேருது, ஜோடி சேர்ந்ததும் உள்ள தொங்குற வால்ல ஒண்ணுக்கொண்ணு பாஸ்பேட் துண்டை ஒட்டிவிடுது. அந்தப் பாஸ்பேட்தான் சிக்னல். பாஸ்பேட் ஒட்டினா புரதத்தோட வடிவம் மாறும் இல்லேன்னா அடுத்த புரதம் வந்து பிடிக்க ஒரு பிடி கிடைக்கும், அது போய் அடுத்ததை எழுப்பும், ராஸ்னு ஒண்ணு, அது ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் எர்க்கை, எர்க் போய் செல்லோட உட்கருவுக்குள்ள நுழைஞ்சு எந்தெந்த ஜீனைத் தொறக்கணுமோ அதைத் தொறக்க வைக்கும். பாஸ்பேட்டை ஒட்டுற புரதத்துக்குப் பேரு கைனேஸ், மனுச ஒடம்புல 500க்கு மேல கைனேஸ் இருக்கு. ஒட்டினதைப் பிரிக்கறதுக்குன்னே பாஸ்பட்டேஸ்னு தனி ஆளுங்க இருக்கு. ஒட்டுறதும் பிரிக்கறதும் மாறி மாறி நடந்துகிட்டே இருக்கும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஸ்டார்ட்டர்தான் கண்ணு முன்னால வந்துச்சு. தோட்டத்துல ஸ்டார்ட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். பச்சைப் பட்டனை அமுக்கறீங்க, அந்தப் பட்டன்ல போறது ரொம்பச் சின்னக் கரண்டு, அது மோட்டாருக்கே போறதில்லை, உள்ள ஒரு காயிலுக்குத்தான் போகுது, காயில் காந்தமாகி கான்டாக்டர்ங்கற பெரிய சுவிட்சை இழுக்குது, மூணு பாயிண்ட்டும் போய் மூடிக்குது, அப்போதான் பெரிய கரண்டு மோட்டாருக்குப் போகுது. விரல் நுனியில குடுத்த சின்ன சிக்னல் பத்து எச்பி மோட்டாரைச் சுத்த வைக்குது. செல்லும் அதே வேலையத்தான் பார்க்குது, வெளிய வந்து உக்காந்த கொஞ்சூண்டு புரதத்துனால உள்ள ஒரு கைனேஸ் ஏகப்பட்ட அடுத்த கைனேஸை எழுப்பி அது ஒவ்வொண்ணும் இன்னும் ஏகப்பட்டதை எழுப்பி, கடைசில ஒரு முழு செல்லே ரெண்டாப் பிரியுது. சிவப்புப் பட்டனும் உண்டு, ஓவர்லோடு ரிலேவும் உண்டு. ராஸ் இருக்கே, அது ஜிடிபின்னு (GTP) ஒரு சின்ன மூலக்கூறைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் ஆன்ல இருக்கும், கொஞ்ச நேரத்துல அதைத் தானே வெட்டிட்டு தானே ஆஃப் ஆயிடும், டைமர் வெச்ச மாதிரி. டிஎன்ஏ அடிபட்டிருந்தா பி53ன்னு ஒரு புரதம் செல் பிரியறதை நிறுத்தி வைக்கும், ரிப்பேர் பண்ண முடியலைன்னா அந்த செல்லையே சாக விட்டுடும்.

சிக்னல் வந்தவுடனே செல் பிரிஞ்சுடறதும் இல்லை. உள்ள சைக்ளின்னு ஒரு புரதம் சேரணும், சேர்ந்து இன்னொரு கைனேஸைப் பிடிச்சு எழுப்பினாத்தான் டிஎன்ஏவை ரெண்டு பிரதி எடுக்கற வேலையே ஆரம்பிக்கும். இதை 1982ல கண்டுபிடிச்ச டிம் ஹண்ட், கடல் முள்ளெலியோட முட்டையை வெச்சுத்தான் பார்த்திருக்காரு, முட்டை ஒவ்வொரு தடவை பிரியறதுக்கு முன்னாடியும் ஒரு புரதம் ஏறி ஏறிச் சேருது, பிரியற நேரத்துல திடீர்னு காணாம போகுது, மறுபடி ஏறுது. அதுக்கு 2001ல ஹார்ட்வெல், பால் நர்ஸ்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்களோட சேர்த்து நோபல் குடுத்தாங்க. வெளிய இருந்து வர்ற வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடிச்ச கதை இதை விட எனக்குப் பிடிக்கும். ஸ்டான்லி கோஹன்னு ஒருத்தரு பொறந்த எலிக்குட்டிங்களுக்கு எலியோட உமிழ்நீர்ச் சுரப்பியில இருந்து எடுத்த சாறை ஊசி போட்டிருக்காரு, ரெண்டு வாரம் கிட்ட ஆகி தொறக்க வேண்டிய கண்ணு ஏழு நாள்லயே தொறந்துக்கிச்சாம். வேற ஒரு வேலையா போட்ட ஊசி அது. ஏன் கண்ணு சீக்கிரம் தொறந்துச்சுன்னு அவரு விடாம துரத்திப் போயித்தான் தோல் செல்லை வளரச் சொல்ற அந்தப் புரதம் கிடைச்சுச்சு, 1986ல அவருக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினி அம்மாவுக்கும் நோபல்.

இப்போ எனக்கு என்ன ஆச்சுங்கறதுக்கு வர்றேன். ஏபிஎல்னு ஒரு கைனேஸ் எல்லாருக்கும் இருக்கு, நல்ல கைனேஸ், வேணுங்கறப்போ வேலை செய்யும், மத்த நேரத்துல அதோட ஒரு முனையே மடிஞ்சு வந்து முதுகுப் பக்கம் இருக்கற குழியில கொக்கி மாதிரி மாட்டி அதை ஆஃப்லயே வெச்சிருக்கும். அது ஒன்பதாவது குரோமோசோம்ல இருக்கற ஜீன். என் மஜ்ஜைல எப்பவோ ஒரே ஒரு செல்லுல ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரெண்டாவது குரோமோசோமும் உடைஞ்சு நுனி மாறி ஒட்டிக்கிச்சு. அப்படி ஒட்டினதுல ஏபிஎல்லோட கொக்கி இருக்கற முனை போயிருச்சு, அந்த எடத்துல பிசிஆர்ங்கற வேற ஜீனோட துண்டு வந்து ஒட்டிக்கிச்சு (தமிழ்ல எழுதினா டெஸ்ட் பேரும் இதுவும் ஒரே மாதிரி இருக்கு, ரெண்டும் வேற வேற). இந்தப் புதுத் துண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கற குணம் உள்ளது, அதனால ஏபிஎல்லுங்க எந்நேரமும் கும்பலா சேர்ந்து ஒண்ணையொண்ணு எழுப்பி விட்டுக்கிட்டே இருக்கும். யாரும் பச்சைப் பட்டனை அமுக்கலை, வளர்ச்சிக் காரணி வரலை, ஆனாலும் ராஸுக்குக் கரண்டு போயிக்கிட்டே இருக்கு.

கான்டாக்டர் பாயிண்ட் உருகி ஒட்டிக்கறதை நான் மாசத்துக்கு நாலு பார்க்கறேன். லோ வோல்டேஜ்ல அடிச்சு அடிச்சு தீப்பொறி பறந்து ஒரு நாள் பாயிண்ட் ரெண்டும் வெல்டு வெச்ச மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் சிவப்புப் பட்டனை எத்தனை அமுக்கினாலும் மோட்டார் நிக்காது, தொட்டி ரொம்பி வழியும், கிணறு வத்தினாலும் ஓடும், காயில் கருகற வரைக்கும் ஓடும். நான் எம் பொண்ணுகிட்ட, "அப்போ எனக்குப் பாயிண்ட் ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதானே சாமி?"ன்னு கேட்டேன். "அதேதான்ப்பா"ன்னா. கேன்சர்ங்கற வார்த்தையைக் கேட்ட நாள்ல இருந்து நெஞ்சுல இருந்த பயத்துல பாதி அந்த நிமிசம் எறங்குச்சு. எனக்கு வந்தது சாபம் இல்லை, ஒட்டிக்கிட்ட ஒரு பாயிண்ட்.

மாத்திரை என்ன பண்ணுதுன்னும் அவதான் படம் போட்டுக் காட்டினா. கைனேஸ் ஒட்டுற பாஸ்பேட் ஏடிபின்னு ஒண்ணுல இருந்து வருது, அது வந்து உக்கார கைனேஸ்ல ஒரு பொந்து இருக்கு. இமாட்டினிப் அந்தப் பொந்துல போயி உக்காந்துக்குது, ஏடிபிக்கு எடம் இல்லை, பாஸ்பேட் இல்லை, சிக்னல் நிக்குது. ரெண்டு பாயிண்ட்டுக்கு நடுவுல அட்டைத் துண்டைச் சொருகின மாதிரி. இதுல இன்னொரு விஷயம், அந்த ஒட்டுப்போட்ட ஏபிஎல் இல்லாம உசுரோட இருக்கவே பழகாத கேன்சர் செல்லுங்க சிக்னல் நின்னதும் செத்துப் போகுது, நல்ல செல்லுங்களுக்கு வேற வழி இருக்கறதால தப்பிச்சுக்குது. அதனாலதான் எனக்கு முடி கொட்டலை.

ஆனா அட்டையைச் சொருகினதுல பாயிண்ட் சரியாயிருச்சான்னா இல்லை சார். அட்டையை உருவினா அடுத்த நொடி மோட்டார் ஓடும். மாத்திரை ரத்தத்துல பாதியாக் குறைய 18 மணி நேரம்தான் ஆகும், தினம் ஒண்ணு போடச் சொல்றது அதுக்குத்தான். அதுக்கு மேல, மஜ்ஜையோட ஆழத்துல தாய் செல்லுங்க கொஞ்சம் தூங்கிக்கிட்டு இருக்கும், கெட்டுப்போன குரோமோசோமோடயே. அதுங்களை இந்த மாத்திரை சுலபமா கொல்றதில்லை. கவுண்ட் 7,000ங்கறது தொட்டி வழியறது நின்னதுன்னு மட்டும்தான் அர்த்தம். எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்க மாமன் சொன்னதுக்கு நானே பதில் சொல்லியிருப்பேன். "தினமும் சாப்பிடுங்க, நிறுத்தாதீங்க"ன்னு ஆஸ்பத்திரில சொல்லத்தான் செஞ்சாங்க. ஏன்னு யாரும் சொல்லலை, கூட்டம் அப்படி, ஓபில ஒருத்தருக்கு அஞ்சு நிமிசம் கிடைச்சாப் பெரிசு, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த அஞ்சு நிமிசத்துல சொல்ல முடியாததைச் சொல்றதுக்குத்தானே சார் உங்ககிட்ட அரைப்பக்கம் இருக்கு?

விட்டு விட்டுச் சாப்பிட்டா இன்னொரு ஆபத்தும் இருக்கு. செல்லு பிரியப் பிரிய பொந்தோட வடிவம் லேசா மாறின செல்லு ஒண்ணு ரெண்டு வரும், புரதம்ங்கறது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை மாதிரி, ஏபிஎல்ல 315ஆவது மணியா திரியோனின் இருக்க வேண்டிய எடத்துல ஐசோலூசின்னு ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினா இமாட்டினிப்பால அந்தப் பொந்துல உக்காரவே முடியாது. அதுக்கப்புறம் வந்த டாசாட்டினிப், நிலோட்டினிப் கூட அதுகிட்ட நிக்காது, பொனாட்டினிப்னு வேற மருந்துக்குப் போகணும். என் நல்ல நேரம், திரும்ப ஆரம்பிச்சதும் அதே இமாட்டினிப்லயே எறங்கிருச்சு, ஒன்றரை வருசத்துல 0.1க்குக் கீழ வந்து இப்போ வரைக்கும் அங்கதான் இருக்கு. 2021ல அமெரிக்காவுல அசிமினிப்னு ஒரு மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க, அது ஏடிபி பொந்துக்கே போறதில்லை, முன்னாடி சொன்னேனே முதுகுப் பக்கத்துக் குழி, காணாம போன அந்தக் கொக்கி மாட்டியிருந்த எடம், அங்க போய் கொக்கிக்குப் பதிலா தான் மாட்டிக்குது. இதைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒட்டிக்கிட்ட எடத்துல அட்டை சொருகறதை விட, கழண்டுபோன கொக்கிக்குப் பதில் கொக்கி செஞ்சு மாட்டறது எவ்வளவு பெரிய ரிப்பேரு!

இந்த மாத்திரை வந்த வழியையும் ஒரு தடவை நீங்க எழுதணும். அமெரிக்காவுல பிலடெல்பியா ஊர்ல பீட்டர் நோவெல்னு ஒருத்தரு கேன்சர் ரத்தத்தை ஸ்லைடுல வெச்சு குழாய்த் தண்ணியில கழுவியிருக்காரு, செல்லு ஊதிப்போயி குரோமோசோம் எல்லாம் விலகி விலகி நல்லாத் தெரிஞ்சிருக்கு. 1960ல அவரும் டேவிட் ஹங்கர்போர்டும் சேர்ந்து பார்த்துச் சொன்னதுல சிஎம்எல் நோயாளிங்களுக்கு ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையா இருந்துச்சு, அதுக்கு அந்த ஊர் பேரையே வெச்சுட்டாங்க. குட்டையான துண்டு எங்க போச்சுங்கறதை 1973ல சிகாகோவுல ஜேனட் ரவுலி அம்மா கண்டுபிடிச்சாங்க, வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து குரோமோசோம் போட்டோவைக் கத்தரில வெட்டி வெட்டி ஜோடி சேர்த்துப் பார்ப்பாங்களாம், பசங்க அம்மா காகித பொம்மை விளையாடறாங்கன்னு நினைச்சாங்களாம். அப்புறம் 1979ல கலிபோர்னியால டோனி ஹண்டர்னு ஒருத்தரு, புரதத்துல பாஸ்பேட் எங்க ஒட்டுதுன்னு பார்க்கற சோதனைக்குப் புதுசா கரைசல் கலக்காம பழைய கரைசலையே யூஸ் பண்ணிருக்காரு, அதோட அமிலத்தன்மை கொஞ்சம் மாறிப்போயிருக்கு, அதனாலதான் அதுவரைக்கும் ஒண்ணா ஒட்டிக்கிட்டுத் தெரிஞ்ச ரெண்டு புள்ளி தனித்தனியா பிரிஞ்சு தெரிஞ்சுச்சு, டைரோசின்ங்கற அமினோ அமிலத்துலயும் பாஸ்பேட் ஒட்டும்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்போதான். ஏபிஎல் ஒட்டுறது அந்த டைரோசின்லதான். எல்லாம் பட்டறை வேலை மாதிரிதான் இருக்கு சார், கண்ணுல பட்ட சின்ன வித்தியாசத்தைச் சும்மா விடாத மனுசங்க.

பிரயன் டிரக்கர்ங்கற டாக்டரும், சுவிட்சர்லாந்து மருந்துக் கம்பெனில இருந்த நிக் லைடனும் அவங்க ஆளுங்களும் சேர்ந்து இந்த மாத்திரையைக் கொண்டுவந்தாங்க, முதல்ல வேற கைனேஸுக்காகத் தேடினப்போ கிடைச்ச மருந்து இது. எந்தக் கைனேஸ் தெரியுங்களா, நான் மேல சொன்னேனே, அடிபட்டா ரத்தத்தட்டு விடற வளர்ச்சிக் காரணி, அதைப் பிடிக்கற ரிசெப்டர்தான். 1998ல முதல் முதலா மனுசங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க, தினம் 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் சாப்பிட்ட 54 பேர்ல 53 பேருக்கு ரத்தக் கவுண்ட் சரியாச்சு. 2001 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சிருச்சு.

அடுத்து நம்ம ஊரு. இந்த மருந்து உப்போட ஒரு படிக வடிவத்துக்கு இந்தியாவுல பேட்டன்ட் கேட்டு அந்த சுவிட்சர்லாந்து கம்பெனி நோவார்ட்டிஸ் விண்ணப்பம் போட்டது சென்னை பேட்டன்ட் ஆபீஸ்ல. 2006 ஜனவரில சென்னை ஆபீஸ் அதைத் தள்ளுபடி பண்ணுச்சு. தெரிஞ்ச மருந்தோட புது வடிவத்துக்குப் பேட்டன்ட் வேணும்னா அது நோயைக் குணப்படுத்தறதுல நிஜமாவே கூட இருக்கணும்னு 2005ல சட்டத்தோட 3(டி) பிரிவைத் திருத்தினாங்க, அந்தப் பிரிவே செல்லாதுன்னு கம்பெனி போட்ட கேஸை 2007ல சென்னை ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு. கடைசியா 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேட்டன்ட் கிடையாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. அப்போ கம்பெனி மாத்திரை மாசத்துக்கு 1,20,000 ரூபா, நம்ம நாட்டுக் கம்பெனிங்க செஞ்சது 8,000, 10,000 ரூபாதான். கம்பெனி நிறைய நோயாளிங்களுக்கு இலவசமாவும் குடுத்துச்சு, அதையும் சொல்லித்தான் ஆகணும், மருந்தைக் கொண்டுவந்ததும் அவங்கதான். ஆனா ஒருத்தரு குடுத்தாத்தான் உசுரு, நிறுத்தினா போச்சுங்கற நிலைமை எப்பவும் நல்லதில்லை. எனக்கு இப்போ அரசு ஆஸ்பத்திரில பைசா செலவில்லாம கிடைக்குதுன்னா அதுக்குப் பின்னாடி சென்னைல ஒரு ஆபீஸ்ல எழுதின அந்த உத்தரவும் இருக்கு. அந்தத் தீர்ப்பு வந்தப்போ உங்க பேப்பர்ல முதல் பக்கத்துல செய்தி போட்டிருப்பீங்க. அந்த மாத்திரை செல்லுக்குள்ள என்ன பண்ணுதுன்னு போட்டீங்களான்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

போன தை மாசம் ஓபி வரிசைல எனக்கு முன்னால ஒரு பெரியவரு, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. மாத்திரையை நாலு மாசமா ஒண்ணு விட்டு ஒரு நாள் சாப்பிடறாராம், தீந்து போனா திரும்ப இவ்வளவு தூரம் வரணுமேன்னு. நான் அவரோட ஓபி சீட்டு பின்பக்கத்துலயே ஸ்டார்ட்டர் படம் போட்டேன், பட்டன், காயில், கான்டாக்டர், மோட்டாரு, ஒட்டிக்கிட்ட பாயிண்ட், நடுவுல அட்டை. அவரு அதை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ நான் ஒண்ணு விட்டு ஒரு நாள் அட்டையை உருவிட்டு இருந்திருக்கேன் தம்பி"ன்னாரு. உள்ள போயி டாக்டர்கிட்ட அவரே அதைச் சொன்னாரு. பத்தாவது தாண்டாத மனுசன், அஞ்சு நிமிசம்தான் ஆச்சு. ஜனங்களுக்குப் புரியாதுன்னு யாரு சொன்னது?

அதனால நான் கேக்கறது இதுதான் சார். அடுத்த தடவை கேன்சர் பத்தி எழுதும்போது அந்த ஒத்தை வரியோட நிறுத்தாதீங்க. ரிசெப்டர்ல இருந்து உட்கரு வரைக்கும் சிக்னல் போற வழியை ஒரு படமாப் போடுங்க, எந்தக் கேன்சர்ல எந்த எடம் ஒட்டிக்கிச்சுன்னு குறிங்க. எல்லாக் கேன்சரும் எனக்கு வந்த மாதிரி ஒரே எடத்துல ஒட்டறதில்லை, அதையும் மறைக்காம எழுதுங்க, நிறைய கேன்சர்ல ஒரே செல்லுல நாலஞ்சு எடம் கெட்டுப் போயிருக்கும், ஒரு மாத்திரைல அடங்காது. கணையக் கேன்சர்ல பத்துல ஒன்பது பேருக்கு ராஸ் ஆன்லயே மாட்டிக்குது, அந்த ராஸ்ல மாத்திரை போய் உக்கார சரியான பொந்தே இல்லைன்னு நாப்பது வருசம் கிட்ட எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க, 2021லதான் அதுல ஒரே ஒரு வகை மாற்றத்துக்கு, நுரையீரல் கேன்சருக்கு, முதல் மருந்துக்கு அனுமதி கிடைச்சுச்சு. இதெல்லாம் தெரிஞ்சா, ஒரே லேகியத்துல எல்லாக் கேன்சரும் போயிடும்னு அதே பக்கத்துக்குக் கீழ விளம்பரம் வருதே, அதை யாரும் நம்ப மாட்டாங்க. எந்த எடத்துல ஒட்டிக்கிச்சுன்னே கேக்காம ஒரு ஸ்டார்ட்டரைச் சரி பண்றேன்னு ஒருத்தன் வந்தா எங்க ஊர்ல பட்டறைக்குள்ள விடுவாங்களா?

இன்னொண்ணும் தயவு செஞ்சு சேர்த்துப் போடுங்க. சிஎம்எல்ல மாத்திரையை நிறுத்தவே முடியாதுன்னும் இல்லை. பல வருசம் ஒழுங்கா சாப்பிட்டு, பிசிஆர்ல எண்ண முடியாத அளவுக்குக் கீழ போயி ரெண்டு மூணு வருசம் அங்கயே இருந்தவங்களுக்கு டாக்டருங்களே நிறுத்திப் பார்க்கறாங்க, ஆரம்பத்துல மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்ப வர்றதில்லை, மீதிப் பேருக்குத் திரும்பினாலும் மாசாமாசம் பார்க்கறதால உடனே பிடிச்சு மாத்திரையை ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு இன்னும் அந்த அளவு வரலை, 0.1க்கும் 0.01க்கும் நடுவுல நிக்குது, டாக்டரம்மா ஆவணில அடுத்த டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க. கெண்டைக்கால் இழுப்பு இன்னும் இருக்கு, அதை அவங்ககிட்ட சொன்னதுக்கப்புறம் சாப்பிடற நேரத்தை மாத்திக் குடுத்தாங்க, ராத்திரி தூங்க முடியுது. காலு இழுக்குதுன்னு மாத்திரையை எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கறவங்க இதைப் படிச்சா, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க நிறுத்தச் சொல்லாம மாத்திரையை நிறுத்தாதீங்க.

எம் பொண்ணு போட்ட படத்தை இந்த லெட்டரோட பின் பண்ணி அனுப்பியிருக்கேன். பெருசு பண்ணிப் போட்டுக்கோங்க, பேரெல்லாம் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் பட்டறையில படிக்கிற ஒரு வாசகர்,
பொள்ளாச்சி வட்டம்.